கிளட்ச் கூட்டுக்குள் நெல்

அந்தக் காரின் கிளட்சை எரித்தது நீங்கள்தான். உங்கள் டிரைவர் இல்லை. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அன்றைக்கு உங்கள் களத்தில் நின்ற இருபது பேருக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

எனக்கு நயமாக எழுத வராது. நான் மெக்கானிக். உத்திரமேரூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, ஐம்பதுகளின் நடுவில் தொழில் ஆரம்பித்தேன். லாரி, பஸ், அரிசி மில் எஞ்சின், தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின், எது வந்தாலும் பிரிப்பேன். என்னிடம் வந்த லாரிகளில் பாதி, பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்தில் விட்டவை. அவற்றின் கிளட்சை மாற்றி மாற்றி என் முதுகு கோணிப்போனது.

உங்கள் தம்பியின் கார் அந்த ரகத்தில் சேராது. இரண்டே பேர் உட்காரும் வண்டி. வேகமாக ஓட்டிப் பார்ப்பதற்கென்றே சீமையில் செய்தது. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் கித்தானை இழுத்து மூட வேண்டும். நீளமான மூக்கு, கம்பிச் சக்கரங்கள், தரையோடு இழைகிற வயிறு. ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரனிடம், சென்னையில் வக்கீல் தொழில் பழகிக்கொண்டிருந்த உங்கள் தம்பி வாங்கினார். அவர் வாங்கும்போதே அது பழைய வண்டி. சென்னையில் நிறுத்த இடமில்லாமல் பெருநகர் சாலையில் இருக்கும் உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து விட்டார். உங்கள் ஊர்க்காரர்கள் அதற்குத் 'தொட்டி' என்று பேர் வைத்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி மாதிரியே இருக்கிறதாம்.

தம்பி போட்ட கட்டளை ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு தடவை டிரைவர் அதைக் கிளப்பிப் பெருநகர் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. நீங்களும் தொடக்கூடாது. அண்ணனைப் பார்த்துத் தம்பி அப்படிச் சொன்னது உங்களுக்குக் குத்தியிருக்கும். நியாயம்தான்.

டிரைவர் காவாந்தண்டலத்துச் சேரியில் பிறந்தவர். கிறிஸ்தவத்தில் சேர்ந்த வேதக்காரக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் உங்கள் கழனியில் நட்டு அறுத்தவர்கள். இவர் பட்டாளத்தில் சேர்ந்து, ஏழு வருஷம் லாரி ஓட்டி, லைசென்ஸோடு திரும்பி வந்தார். அந்தச் சேரியில் அப்போது லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள். உங்கள் வீட்டில் நண்டு சிண்டு வரைக்கும் அவரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டது. நான் 'அவர்' என்றுதான் எழுதுவேன்.

அவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கியர் மாற்றிய மறுநொடி இடது கால் கிளட்சை விட்டு இறங்கி, பெடலுக்குப் பக்கத்துப் பலகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெடல்மேல் கால் இருந்தால் பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தவன் பூட்ஸ் காலாலேயே மிதிப்பானாம். ஒன்றிரண்டு மிதி வாங்கிய பிறகு ஆயுசுக்கும் மறக்காது என்பார்.

அந்தப் பொங்கல் முடிந்ததும் தம்பி அவரைச் சென்னைக்கு அழைத்துப் போவதாக இருந்தது. அங்கே பெரிய வீடாகப் பிடித்துவிட்டார். காருக்கு ஒரு கொட்டகை, அதற்குப் பின்னால் டிரைவர் குடும்பத்துக்கு ஒரு அறை. எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை டிரைவர் என் கடைக்குக் கொண்டுவந்தார். அவருக்கே நன்றாகப் படிக்கத் தெரியும். இருந்தும் என்னைப் படிக்கச் சொன்னார்.

"சத்தமா படிங்கண்ணா. அந்த அறைன்னு வருதே, அங்கருந்து."

"ரெண்டு வாட்டி படிச்சிட்டேன்பா."

"இன்னொரு வாட்டி படிச்சா தேஞ்சா பூடும்?"

இரண்டு பெண் பிள்ளைகள் அவருக்கு. இரண்டும் அந்த வயதிலேயே களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தன. சென்னைக்குப் போனால் பள்ளிக்கூடத்தில் விடலாம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்தக் கார் ஓடினால்தான் அவருக்கு இதெல்லாம் நடக்கும். அதனால்தான் அந்தக் காரை அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்.

போகிக்கு முந்தின நாள் தம்பி ஊருக்கு வந்தார். போகி அன்று காலையில் காரை எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் ஏற்றியிருக்கிறார். எஞ்சின் கத்தியது. வண்டி ஏறவில்லை. ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். சைக்கிளில் வந்தேன். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மேல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் குலுங்கி நின்றுவிட வேண்டும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருந்தது. கருகிய நாற்றம் மேலே வந்தது.

"கிளட்ச் பூட்டுதுங்க," என்றேன்.

"எப்படிப் போகும் மேஸ்திரி? போன வருஷம்தானே புதுசு போட்டேன்?" என்றார் தம்பி.

நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "எப்படியா? உன் டிரைவரு அது மேலயே கால வெச்சிக்கினு ஓட்டறான். நான் எத்தினி வாட்டி பாத்துக்கீறேன். லாரி ஓட்டினவன் கையில இந்த வண்டியக் குட்தா இன்னா ஆவும்?"

டிரைவர் பக்கத்திலேயே நின்றார். "இல்லீங்கய்யா, நான்..." என்றார்.

"இன்னாடா, எதுத்துப் பேசறியா?"

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். தம்பி அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நம்பினவன் கைவிட்டுவிட்டானே என்று பார்க்கிற பார்வை. கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

மறுநாள் பொங்கல். பண்ணையில் வேலை செய்கிற எல்லாரும் வேட்டி, புடவை வாங்க உங்கள் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். காரை எங்கே பிரிப்பது என்று கேட்க நானும் வந்திருந்தேன். டிரைவர் முறை வந்தது. துணியை நீட்டிய கையை நீங்கள் பின்னால் இழுத்தீர்கள்.

"கிளட்ச்ச எரிச்சவனுக்குப் புதுத்துணி ஒண்ணுதான் கேடு," என்றீர்கள். "பொங்கலு முடிஞ்சதும் உன் வழியப் பாத்துக்கினு போ. மதராசும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வழக்கமாக நீங்கள் யாரையாவது திட்டினால் வரிசையில் நாலு பேராவது சிரிப்பார்கள். அன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று வேலையில் இறங்கினேன். வேறு வருஷமாக இருந்தால் உங்கள் வாசலில் கொம்புக்கு வர்ணம் அடித்துச் சலங்கை கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வருஷம் கொட்டிலில் ஆறு மாடும் வாயில் எச்சில் ஒழுக, குளம்பு வெடித்துப் படுத்துக் கிடந்தன. கோமாரி. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்து மூன்று வாரமாகிறது என்றார்கள். இறைக்கிற வடமும் உருளையும் சும்மா கிடந்தன. அது எனக்கு வசதியாகப் போயிற்று. காரைத் தள்ளிக்கொண்டு போய்க் களத்து மேட்டுப் புளியமரத்தடியில் நிறுத்தினேன். உருளையைக் கிளையில் கட்டி வடத்தைக் கோத்தேன்.

கிளட்ச் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கூட்டுக்குள் இருக்கும். அதைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸைக் கழற்றிப் பின்னால் இழுக்க வேண்டும். லாரி என்றால் கீழே இறக்குவோம். இந்த வண்டி தரையோடு இருப்பதால் கீழே இறக்க இடமில்லை. இரண்டு சீட்டையும், காலுக்குக் கீழே இருக்கும் பலகைகளையும் எடுத்துவிட்டு, மேல் வழியாகத்தான் தூக்க வேண்டும். கூரை இல்லாத வண்டிக்கு அது ஒன்றுதான் சவுகரியம்.

நான் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டிரைவர் வந்து நின்றார்.

"நீ எதுக்குபா வந்த? போவச் சொல்லிட்டாங்கல்ல?"

"போவறதுக்கு முன்னால, இது இன்னாத்துக்குச் செத்துச்சின்னு பாத்துட்டுப் போறேங்கண்ணா."

சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் புகுந்தார். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாப்டைக் கழற்றச் சொன்னேன். அப்புறம் அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அண்ணா, தொட்டி வைக்கோலு துன்னுக்கீது."

குனிந்து பார்த்தேன். ஷாப்டின் மூட்டில் வைக்கோல் சுற்றியிருந்தது. ஏதோ ஒன்றிரண்டு தாள் ஒட்டியது என்றால் கேட்கமாட்டேன். கயிறு முறுக்கின மாதிரி, விரல் நுழையாமல், என் மணிக்கட்டுக் கனத்துக்குச் சுற்றியிருந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.

"ரோட்ல காயப் போட்டிருந்தத மிதிச்சிருப்பே," என்றேன்.

"ரோட்ல கொள்ளு போடுவாங்க, கேவுரு போடுவாங்க. நெல்லு வைக்கோல எவன் ரோட்ல போடறான்?"

அதுவும் சரிதான். முன் சக்கரங்களைப் பார்த்தேன். இடது டயர் சாதாரணமாக இருந்தது. வலது டயரின் வெளி விளிம்பு மட்டும் அரம் போட்ட மாதிரித் தேய்ந்திருந்தது. நேராகப் போகிற வண்டிக்கு அப்படித் தேயாது. இடப்பக்கமாகவே மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தால் தேயும்.

கியர் பாக்ஸைத் தூக்குவதற்குள் மத்தியானமாகிவிட்டது. நான் மேலே வடத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் அடியில் படுத்து மார்பில் தாங்கிப் பின்னால் நகர்த்தினார். அது கழன்று வந்ததும் அந்தக் கூட்டுக்குள்ளிருந்து அவர் முகத்தில் பதரும் தூசியுமாகக் கொட்டியது. எழுந்து வந்து தும்மினார். இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தோம்.

கூட்டின் அடியில் ஒரு கைப்பிடி நெல் கிடந்தது. பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளும் ஃபோர்க் நுழையும் ஓட்டைக்கு இருந்த தோல் மூடி எப்போதோ கிழிந்துபோயிருந்தது. அந்த வழியாகப் போயிருக்கிறது. பிளேட்டில் உரசுவதற்காக அடித்திருக்கும் லைனிங் ரிவிட் வரைக்கும் தேய்ந்து கருகியிருந்தது. பிளேட் அழுந்தும் பிளைவீலில் நீலமும் ஊதாவுமாகச் சூடு பட்ட திட்டுகள். ஸ்பிரிங் ஆறில் இரண்டு தளர்ந்திருந்தன.

டிரைவர் நெல்லை உள்ளங்கையில் அள்ளினார். அதில் பாதி வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"கார்த்திகைக்குப் பொரிச்ச மாரியே கீதுண்ணா," என்றார்.

எங்கே எரிந்தது என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கிளட்ச் எரிந்தபோது நெல் உள்ளே இருந்திருக்கிறது. அந்தச் சூட்டில்தான் பொரிந்திருக்கிறது. நெல் புகுந்த இடத்தில்தான் கிளட்ச் எரிந்தது. பெருநகர் ரோட்டில் இல்லை. களத்தில்.

அவர் விரல் விட்டு நாளை எண்ணினார். "கிறிஸ்மசுக்கு நான் சீவரத்துல மாமியா வூட்டுக்குப் போனேன். எட்டு நாளு. பெரிய ஐயாதான் லீவு குட்தாரு. 'இருந்து சாப்ட்டுட்டு நிதானமா வாடா'ன்னாரு. இம்மா நாள்ல ஒரு வாட்டி கூட அப்படிச் சொன்னதில்ல. வந்து பாக்கறேன், வண்டி கயுவி நிக்குது. நான் கயுவறதவிட சுத்தமா. அப்பறம் தம்பி வர்ற வரிக்கும் வண்டிய எடுக்காதன்னுட்டாரு."

உங்கள் வீட்டில் சாணி அள்ளுகிற அம்மாள் கூடையோடு அந்தப் பக்கம் போனாள். நின்று, எங்கள் கையில் இருந்த நெல்லைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு முயிக்கிறீங்க ரெண்டு பேரும்? ஐயா போரடிச்சப்ப பூந்த நெல்லுதான அது?"

"காருலயா?" என்றார் டிரைவர்.

"பின்ன? மாடு படுத்துக்கிச்சி, மானம் கறுத்துக்கினு வந்துச்சி. தொட்டியப் பூட்டினாரு. மூணு நாளு. நாங்க பின்னாலயே ஓடிக்கினு வைக்கோலப் பெரட்டிப் போட்டோம். ஹை ஹைன்னு வெரட்டினோம். ஐயாவே சிரிச்சிட்டாரு." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சாமி. புள்ளக்குட்டிக்காரி." கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியேவிட்டாள்.

நான் அந்தக் களத்தைப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபது அடிகூட இல்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதிர்க்கட்டை ஓங்கி அடித்து முடித்த பிறகும் வைக்கோலில் நெல் மிச்சம் இருக்கும். அதைப் பரப்பி மாட்டைக் கட்டிச் சுற்ற விட்டு மிதிக்க வைக்க வேண்டும். மாடு இல்லை. மார்கழி நடுவில் வரக்கூடாத மழை வருகிறது. நனைந்தால் நெல் களத்திலேயே முளைத்துவிடும். காரைக் கொண்டுவந்து விட்டீர்கள். ஆனால் அது ஓடப் பிறந்த வண்டி. முதல் கியரிலேயே மாட்டைவிட மூன்று பங்கு வேகம். களம் சின்னது. அதனால் கிளட்சைப் பாதி அமுக்கி, பாதி விட்டு, மாட்டின் நடைக்கு அதை இழுத்துப் பிடித்தீர்கள். மூன்று நாள். லாரி கிளட்ச்கூடத் தாங்காது.

எனக்கு அப்போது உங்கள்மேல் கோபம் வரவில்லை. கொஞ்சம் சிரிப்புதான் வந்தது. ஊருக்குச் சோறு போடுகிற நெல்லைக் காப்பாற்றத்தானே செய்தீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் நெல்லையும் வைக்கோலையும் எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்தேன். தம்பியிடம் போகவில்லை.

நீங்கள் கொட்டிலில் இருந்தீர்கள். ஒரு மாட்டின் நாக்கைப் பிடித்துப் புண்ணுக்குத் தேன் தடவிக்கொண்டிருந்தீர்கள். யாரையும் அதைச் செய்ய விடவில்லை. நான் கையை நீட்டினேன். பழக்கத்தில் ஒரு நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, பல்லில் கடித்துப் பார்த்தீர்கள்.

"சிறுமணி. நம்ம மேலக்கழனிது," என்றீர்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உங்களுக்குத் தெரிந்தது.

"கிளட்ச் கூட்டுல இருந்துச்சிங்க."

வெகுநேரம் மாட்டின் நெற்றியையே தடவிக்கொண்டிருந்தீர்கள். "மய வந்துக்கினு கீது. மாடு எய்ந்து நிக்க மாட்டேங்குது. ஆறு மாசப் பாடு களத்துல கெடக்குது. நீயா இருந்தா இன்னா பண்ணுவே, சொல்லு."

"அதத்தாங்க பண்ணுவேன். தப்பே இல்லீங்க. அதத் தம்பிகிட்ட சொல்லிடுங்க. ஒரு ஆளோட பொயப்பு போவுது."

"அவனுக்கு நான் எப்பவும் பட்டிக்காட்டான். கோமணம் கட்டினவன். அவன் கார மாடு மாரி பூட்டினேன்னு தெரிஞ்சா, மதராசு பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எங்கப்பா செத்தன்னிக்கிக் கூட அவன் முன்னால நான் தல குனியல."

"அதுக்காக..."

"நான் சொல்றேன். வண்டி கெளம்பறதுக்குள்ள நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத. இது எங்க வூட்டு விசயம்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? நீங்களே சொன்னால்தான் மரியாதை என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. உங்கள் அரிசி மில்லின் எஞ்சின் வேலை எனக்கு வந்துகொண்டிருந்தது. பயம். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

புளியமரத்தடிக்குத் திரும்பினேன். டிரைவர் எழுந்து நின்றார்.

"சொல்றேன்னாராண்ணா?"

"சொல்றேன்னாரு."

அவ்வளவுதான். உட்கார்ந்து பழைய பிளேட்டிலிருந்து ரிவிட்டுகளைத் தட்டி எடுக்க ஆரம்பித்தார். அந்த வண்டிக்குப் புது பிளேட் வேண்டுமானால் சீமைக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் கடையில் லாரி லைனிங் ஒன்று இருந்தது. அதைக் காணும் பொங்கல் அன்று அளவு பார்த்து அறுத்து, அரம் போட்டு வட்டமாக்கி, துளை போட்டுச் செப்பு ரிவிட் அடித்தோம். ரிவிட்டின் தலை லைனிங்குக்கு உள்ளே பதிந்திருக்க வேண்டும். துருத்தினால் பிளைவீலைக் கீறிவிடும். ஒவ்வொன்றையும் அவர் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்று லேசாகத் தட்டுப்பட்டது. எடுத்துவிட்டு வேறு அடிக்கச் சொன்னார். தளர்ந்த ஸ்பிரிங்குகளுக்கு அடியில் வளையம் வைத்து இறுக்கம் கொடுத்தேன். கிழிந்த தோல் மூடிக்குப் பதிலாக என் பழைய செருப்பின் தோலை வெட்டித் தைத்தேன்.

பிளேட் நட்ட நடுவில் உட்காராவிட்டால் கியர் பாக்ஸ் ஷாப்ட் நுழையாது. அதற்கு ஷாப்ட் கனத்துக்கே கருவேலங்கட்டையில் ஒரு உருளையைத் தச்சர் கடைந்து கொடுத்தார். அதைச் செருகிப் பிளேட்டை நிறுத்தி, போல்ட்டுகளை முடுக்கி, கட்டையை உருவினேன். மறுநாள் காலையில் கியர் பாக்ஸை இறக்கினோம். டிரைவர் அடியில், நான் மேலே. முதல் தள்ளிலேயே போய் உட்கார்ந்தது. லாரியில்கூட எனக்கு அப்படி உட்கார்ந்ததில்லை.

"ரெண்டு பொண்ணுக்கும் பாவாட தெக்கச் சொல்லிக்கீறேண்ணா," என்றார் அடியிலிருந்து. "மதராசுக்குக் கிழிசலோட போவக் கூடாதில்ல."

நீங்கள் அதற்குள் சொல்லியிருப்பீர்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிக்கரையில் ஏற்றினேன். வண்டி குதித்து ஏறியது. தம்பி கைகொட்டிச் சிரித்தார். கரைமேல் நிறுத்தினேன். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

"உண்மையைச் சொல்லுங்க மேஸ்திரி. யார் தப்பு?" என்றார்.

அப்படியானால் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உங்களுக்குக் கொடுத்த வாக்கும் வந்தது. மில் எஞ்சினும் வந்தது.

"தேஞ்சு போச்சிங்க. பழைய வண்டி," என்றேன்.

அவர் என் தோளில் தட்டினார். "நீங்க நல்லவர். அவனைக் காட்டிக் கொடுக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும், விடுங்க."

இதுதான் நான் செய்தது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர்மேல் முத்திரை குத்திவிட்டேன். பல ராத்திரி இது என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் காலையில் தம்பி கிளம்பினார். நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். கரும்பும் பூசணியும் பின்னால் ஏற்றினார்கள். டிரைவர் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு கண்ணாடி துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். தகரப் பெட்டி காலடியில் இருந்தது. உங்கள் வாய் அசைந்தது. நான் பார்த்தேன். தம்பியும் உங்களைப் பார்த்தார்.

"பாத்துப் போ. ஏரிக்கரையில குயி கீது," என்றீர்கள்.

கார் போய்விட்டது.

டிரைவர் அந்தத் துணியை மடித்தார். மறுபடி மடித்தார். என்னிடம் வந்தார். "சொல்லவேயில்லியேண்ணா," என்றார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காவாந்தண்டலம் வரைக்கும் நடந்தே போனார்.

அப்புறம் நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் ஒரு பஸ் முதலாளியிடம் வேலை கேட்டார். அந்த முதலாளி உங்களிடம் விசாரித்தார். வேலை கிடைக்கவில்லை. என் கடையில் வைத்துக்கொண்டேன். வந்த லாரிக்காரர்கள், "கிளட்ச்ச எரிச்சவனா கிளட்ச் மாட்டப் போறான்?" என்று சிரித்தார்கள். நாலு மாதத்தில் அவரே நின்றுவிட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. உங்கள் மேலக்கழனியிலேயே அறுவடைக்கு வந்தார். அந்தச் சிறுமணியையே அறுத்தார். பெண் பிள்ளைகள் இரண்டும் களையெடுத்தே வளர்ந்தன.

'கிளட்ச்' என்பது அவர் பேராகிவிட்டது. முதலில் அப்படிக் கூப்பிட்டவர்கள் களத்தில் ஹை ஹை என்று காரை விரட்டியவர்கள்தான். அவர்களுக்கு அது உங்களைக் கேலி செய்வது. உங்கள் முன்னால் சொல்ல முடியாததை அவர்மேல் சொன்னார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அவர் வண்டியைக் கெடுத்தவர்.

போன மாதம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவரும் நின்றிருந்தார். முடி வெளுத்துவிட்டது. ஒரு இளவட்டம் டீக்கடையிலிருந்து, "இன்னா கிளட்ச் தாத்தா, எங்க கெளம்பிக்கினே?" என்று கத்தினான். அவர் திரும்பி, "சும்மாதாம்பா," என்றார். அந்தப் பேருக்கு அவர் திரும்பினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"இப்ப எதுக்குண்ணா அதெல்லாம்," என்றார். பஸ் வந்து நின்றது. ஏறப்போனவர் திரும்பினார். "எய்தினா, நெல்லு பொரிஞ்சு கெடந்துச்சே, அத எய்துங்க."

எழுதிவிட்டேன்.

உங்கள் தம்பி இப்போது இல்லை. கடைசி வரைக்கும் டிரைவர்தான் கெடுத்தார் என்று நினைத்தே போய்விட்டார். உங்களைப் பார்த்துச் சிரிப்பார் என்று பயந்தீர்களே, அந்த ஆள் இல்லை. இனி யாருக்குப் பயம்? நான் சொன்ன பொய்யை இங்கே அச்சில் ஒத்துக்கொண்டேன். மில் வேலைக்குப் பயந்தேன் என்பதையும் ஒத்துக்கொண்டேன். நீங்கள் கெட்டவர் என்று நான் எங்கும் எழுதவில்லை. மாட்டின் வாய்க்குத் தேன் தடவிய கையை நான் பார்த்தவன். அந்தக் கையால்தான் ஒரு மனுஷனுக்குக் கொடுக்க வேண்டிய துணியைப் பின்னால் இழுத்தீர்கள்.

வருகிற பொங்கலுக்கும் உங்கள் வாசலில் வரிசை நிற்கும். நீங்கள்தான் துணி கொடுப்பீர்கள். அவரை நான் அழைத்து வருகிறேன். அதே இடத்தில், அத்தனை பேர் முன்னால், உங்களிடம் ஒரே கேள்வி கேட்கப்போகிறேன். இப்போதே கேட்டுவைக்கிறேன், யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மார்கழியில் மூன்று நாள் உங்கள் களத்தில் காரைச் சுற்றிச் சுற்றி ஓட்டியது யார்? என் காதில் சொல்ல வேண்டாம். வீட்டு விஷயம் என்றும் சொல்ல வேண்டாம். வரிசையின் கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி, பதில் சொல்லுங்கள்.